ஆண்டவருக்கு அப்பாவின் தோள்

எங்கள் குவார்ட்டர்ஸில் சட்டை போடாத ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் ஹால் சுவரில் சிலுவையில் இருந்தார். இன்னொருவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பகலெல்லாம் கட்டிலில் குப்புறக் கிடந்தார். ஓவியக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நான் முதலாமவரையே முழுதாக நம்பியிருந்தேன். அவர் அசையமாட்டார். கொட்டாவி விடமாட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கமாட்டார். மாடலாக இருக்க அவரைவிடப் பொருத்தமானவர் எங்கள் பிளாக்கிலேயே கிடையாது.

கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறு பள்ளிக்கூடத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சாயங்காலச் செபத்தில் மற்றவர்கள் செபமாலை மணி எண்ணிக்கொண்டிருக்கும்போது நான் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன். மார்புக்கூடு எங்கே முடிகிறது, வயிறு எங்கே குழிகிறது, கையை விரித்தால் அக்குளில் எந்தத் தசை கயிறாக இழுபடுகிறது என்பதெல்லாம் பத்து வயதிலேயே எனக்கு அத்துப்படி. கண்ணை எடுக்காமல் ஆண்டவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லுவாள். நான் மறுத்ததில்லை.

அது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். உடற்கூறு வகுப்புக்கு மாடலாக வருகிற பெரியவர் இடுப்பில் துண்டோடு முக்காலியில் உட்காருவார். பெண்கள் கடைசி வரிசையில் உட்காரவேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். அங்கிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தவை முன்வரிசைப் பையன்களின் முதுகுகள்தான், அவையும் சட்டையோடு. பெரியவரின் தலை தெரியும். சில நாள் ஒரு முழங்கால் தெரியும். நடுவில் இருக்கவேண்டியதையெல்லாம் எங்கள் வீட்டுச் சுவரை நினைத்து நிரப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் மாஸ்டர் என் படங்களை வரிசையாகச் சுவரில் குத்தி வைத்துப் பார்த்தார். சிரிக்காமல் பேசுகிற மனிதர்.

"ஏம்மா, இந்தாளு டீ குடிக்கிறாரு. டீ குடிக்கிறதுக்கு எதுக்கு வயிறு இப்படி ஒட்டிப்போயிருக்கு? இவன் மூட்டை தூக்கறவன். இவன் ஏன் ரெண்டு கையையும் விரிச்சுட்டுத் தலையச் சாச்சிருக்கான்? உன் படத்துல வர்ற ஆம்பளைங்க எல்லாரும் ஏம்மா சாயங்காலத்துக்குள்ள செத்துருவாங்க போல இருக்காங்க?"

வகுப்பே சிரித்தது. காது சூடாகி நானும் சேர்ந்து சிரித்தேன்.

"உயிரோட இருக்கற ஒரு ஆளப் பாரு. முதுகும் தோளும். அம்பது படம், களிமண்ணுல ஒரு உருவம். இல்லேன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புல உக்காரு" என்றார்.

அந்தத் தவக்காலத்தில் ஹாஸ்டலில் தண்ணீர் இல்லாமல் போய் எங்களை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியும் படுக்கையும் ஐம்பது வெற்றுத்தாள்களுமாக நெய்வேலிக்கு வந்து இறங்கினேன். நல்ல அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கேட்டுகள். எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் ஒருவரையொருவர் சாருங்க, மேடம்ங்க என்று அழைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையோடு வாழ்கிற ஊர். அங்கே ஒரு பெண்பிள்ளை போய், கொஞ்சம் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருகிறீர்களா சார் என்று யாரைக் கேட்பது? மிச்சம் இருந்தது கட்டிலில் கிடந்தவர்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

"ஆம்பள ஒடம்பப் பாத்து வரையறதுக்குத்தான் ஒன்ன அவ்ளோ தூரம் அனுப்பிப் படிக்க வச்சிகினு இருக்கமா?"

"அப்பாதானம்மா."

"அப்பான்னா மட்டும்?" என்றவள், ஒரு வருடம் வீணாகிவிடும் என்று நான் சொன்னதும் அரிசியை இன்னொரு முறை களைந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "தூங்கும்போது வரைஞ்சிக்க. முழிச்சிகினா நிறுத்திடு. அந்த மாடி வூட்டுக்காரம்மா வந்தா நோட்ட மூடிடு."

அப்படித்தான் என் உயிருள்ள மாடல் எனக்குக் கிடைத்தார், அவருக்கே தெரியாமல். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துக் குளித்து, இட்லி சாப்பிட்டு, லுங்கியோடு கட்டிலில் விழுவார். குப்புறப் படுத்து, முகத்தை இடதுபக்கம் திருப்பி, வலது கையைக் கட்டிலுக்கு வெளியே தரையைத் தொடும்படி தொங்கவிட்டுத் தூங்குவார். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோள்பட்டை எலும்பு தெளிவாகத் தெரிகிறது, கையின் மேல்தசை நீளமாக இழுபட்டு நிற்கிறது. காசு கொடுத்து வரவழைத்த மாடல்கூட இவ்வளவு வசதியாகப் படுக்கமாட்டார். கல்லூரிக்கு வருகிற பெரியவர் இதையெல்லாம் இவரிடம் வந்து கற்றுக்கொள்ளவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து தாளில் உட்காரும். மூடினால் வேர்க்கும். மூடிவைத்தே வரைந்தேன். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடி அளந்து அளந்து வரைந்தேன். முதல் படத்தில் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் கைத்தப்பு என்று விட்டுவிட்டேன். இரண்டாவதிலும் இறங்கியது. நாலாவது படத்தில் எழுந்து கட்டிலருகே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கழுத்தெலும்பு தோளைத் தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சு. அதற்குப் பின்னால் தோள் இரண்டு விரற்கடை சரிந்து இறங்கியிருந்தது. தப்பு என் கையில் இல்லை என்று தெரிந்து பெரிய நிம்மதியாகிவிட்டது எனக்கு.

அன்று மதியம் அம்மா முழுக்கதையையும் சொன்னாள். எனக்கு எழுதிய கடிதத்தில் அப்பாவுக்குச் சின்ன அடி என்று ஒரு வரி இருந்தது. இது அதன் விரிவாக்கம்.

சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் படாமல் வேலை பார்த்த மனிதர், தோட்டத்தில் முருங்கைக்காய் பறிக்கப்போய் விழுந்துவிட்டார். முருங்கைக் கிளை ஆள் பாரம் தாங்காது என்பது எங்கள் பிளாக்கில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அப்பா அதற்கு முந்தைய மாதம்தான் பாதுகாப்பு வாரத்தில் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, உயரத்தில் ஏறும்போது கவனிக்கவேண்டியவை பற்றித் தன் ஷிஃப்ட் ஆட்களுக்குப் பேசியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார்கள், ஃபைலில் எழுதுவார்கள், விஷயம் ஷிஃப்டுக்கு வரும். அதனால் காடாம்புலியூர் தாண்டி முந்திரித்தோப்புக்குள் எலும்பு முறிவுக்கு எண்ணெய்க்கட்டு போடுகிறவர் ஒருவரிடம் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று லீவு எழுதிக் கொடுத்தார். பத்து நாள் நடந்த கல்யாணம். இன்னும் சில வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் அது தனக்குப் பிடித்த இடத்தில் சேர்ந்திருந்தது. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அப்பா மண் வாரும் பெரிய இயந்திரத்தின் ஆப்பரேட்டர். ராட்சதச் சக்கரம், அதைச் சுற்றி வாளிகள், நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணையெல்லாம் வாரி பெல்ட்டில் கொட்டிக்கொண்டே போகும். அதை அவர் இயந்திரம் என்று சொன்னதே இல்லை, வண்டி என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. கேபினில் பிடிகளெல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்ததால் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஏணியில் இடது கையால் தொற்றி ஏறினார். ஜூன் மாதம் மெடிக்கல் வரும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். தூக்கமுடியாவிட்டால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ரிட்டயர் ஆகும்வரை வண்டியில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் வீட்டில் ஒரே சட்டம்: வெளியே மூச்சு விடக்கூடாது. அப்பா தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பீரோக் கண்ணாடிமுன் நின்று, வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிற மாதிரி காட்டும் ஒரு வித்தையைப் பழகினார். உடம்பை இடதுபக்கம் சாய்த்தால் கை உயர்ந்ததுபோலத் தெரியுமாம். அம்மா அந்த ஜூன் மாதத்துக்காக நவநாள் செபம் தொடங்கியிருந்தாள்.

நான் படம் வரைவது ஒரு வாரத்தில் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. முழித்துக்கொண்டவர் கோபப்படவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டினார். தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்மாம் எறங்கியா கீது?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"சட்ட போட்டா தெரியாது." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "காலேஜுக்குத்தான? அங்க யாரு என்னியப் பாத்திருக்கான். வரைஞ்சிக்க."

அடுத்த நாளே களிமண்ணும் கொண்டுவந்தார். நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெளிர்நிறக் களி, வெண்ணெய் மாதிரி இருக்கும். சுரங்கத்து கேட்டில் வடநாட்டுக் காவலர் ஸ்கூட்டர் டப்பாவைத் திறக்கச்சொல்லி, உள்ளே இருந்ததை விரலால் குத்திப் பார்த்து, மண்ணா என்று இந்தியில் கேட்டாராம். மண்தான் என்றாராம் அப்பா. வருடக்கணக்காக வாரி வாரி வெளியே கொட்டுகிறோமே, அதில் ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வந்துவிட்டானா என்று அந்தக் காவலர் விழுந்து விழுந்து சிரித்து அனுப்பினாராம். அப்பா இதை நடித்துக் காட்டினார், இடது கையால்.

பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது கோயிலில் விபரீதம் நடந்தது. வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே எடுக்கிற, இறந்த ஆண்டவர் சுரூபத்தைப் பரணிலிருந்து இறக்கும்போது கை நழுவிவிட்டது. ஆளுயரச் சுரூபம். தலைக்கும் காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலது தோளும் கையும் மட்டும் தூள்தூளாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் இதைச் சொல்லி வருத்தப்பட, கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

"தோத்திரம் ஃபாதர். எம் பொண்ணு இதத்தான் ஃபாதர் படிக்கிது. ஒடம்பு செய்யிற படிப்பு."

அம்மா. ஆண் உடம்பை வரைவதற்கு அனுமதி கேட்டபோது அரிசியை இரண்டு முறை களைந்தவள். என்னைத் திரும்பிப் பார்த்த அத்தனை கண்களுக்கும் முன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. முடியும் ஃபாதர் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வலது தோள். அதை முப்பத்தேழு தடவை வரைந்திருந்தேன், களிமண்ணில் இரண்டு தடவை பிடித்திருந்தேன். ஆண்டவரும் படுத்திருப்பவர். அப்பாவும் படுத்திருப்பவர். கட்டிலிலிருந்து தொங்குகிற அந்தக் கை, மரணத்துக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறையில் உட்கார்ந்து களியில் பிடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து வார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். சிலுவையைப் பார்த்து மனிதர்களை வரைந்து மாட்டிக்கொண்டவள், இப்போது மனிதரைப் பார்த்துச் சிலுவைக்காரரைச் செய்கிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

தோளை இரண்டு விரற்கடை உயர்த்திவிட்டிருக்கலாம். அரை மணி நேர வேலை. களி ஈரமாகத்தான் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து யோசித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் உயர்த்தினால் அது யாருடைய தோளாகவும் இல்லாமல், கடைச் சுரூபத்துத் தோளாக ஆகிவிடும். அந்த முடிச்சு, அந்தச் சரிவு, அதிலிருந்து கை விழுகிற விதம், அதுவரை நான் செய்ததிலேயே உயிருள்ள வேலை அதுதான். மாஸ்டர் பார்த்தால் வாயடைத்துப் போகவேண்டும். அப்பாவின் ஜூன் மாதம் என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஒரு சுரூபத்தைப் பார்த்து யார் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் நிரம்பி வெளியிலும் கூட்டம். சுரூபத்தைப் பலிபீடத்துக்கு முன்னால் வெள்ளைத்துணியில் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் வரிசையாக வந்து முழந்தாளிட்டுப் பாதத்தை முத்தி செய்யவேண்டும். நான் ஓரமாக நின்று பாதத்தைப் பார்க்காமல் ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் அழுதார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"தோளப் பாத்தியா, எப்பிடி எறங்கிப்போயி கெடக்குது."

"செலுவயத் தூக்கிகினு வந்த தோளு. வேற எப்பிடி இருக்கும்?"

இதைவிடப் பெரிய விமர்சனம் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காது.

அப்பாவின் முறை வந்தது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. முழந்தாளிட்டார், பாதத்தில் முத்தி செய்தார், எழுந்திருக்கும்போது பார்த்துவிட்டார். முழுதாக எழாமல் அப்படியே ஒரு கணம் நின்றார். தோளிலிருந்து விரல்வரைக்கும் அவர் கண் ஓடியது. திரும்பி என்னைத் தேடினார். கோபமா என்று தெரியவில்லை, காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. பின்னால் நின்றவர் மெதுவாகத் தள்ள, நகர்ந்து போய்விட்டார்.

ஏழெட்டுப் பேர் கழித்து எலும்பு டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். முத்தி செய்தார். எழுந்தவர், சுரூபத்தின் தோள்பக்கம் குனிந்தார். ஒரு விரலைக் கழுத்தெலும்பின்மேல் வைத்து முடிச்சு வரைக்கும் நகர்த்தினார், நின்றார், சரிவில் இறக்கினார். வரிசை தேங்கியது. அவருக்குப் பக்தி அதிகம் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

வழிபாடு முடிந்து வேப்பமரத்தடியில் நாங்கள் மூவரும் நின்றிருந்தபோது டாக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"சுரூபத்துக்குத் தோள் செஞ்சது நீயாம்மா? ஃபாதர் சொன்னாரு. நெனச்சுச் செஞ்சியா, பாத்துச் செஞ்சியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தவள் மாதிரி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "பாத்துதான் சார் செஞ்சேன். ஒரு கோடுகூட மாத்தல."

"அதான் கேட்டேன். கழுத்தெலும்பு ஒடஞ்சு கோணலாச் சேந்திருக்கு. நெனச்சுச் செஞ்சா இது வராது." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "யாரும்மா அந்த ஆளு?"

நான் யாரையும் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தேன். ஆனால் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டாள். டாக்டருக்கு அது போதுமாக இருந்தது.

"கைய மேல தூக்குங்க" என்றார்.

அப்பா இடது கையைத் தூக்கினார்.

"அந்தக் கை."

கண்ணாடிமுன் பழகிய வித்தையைச் செய்தார் அப்பா. உடம்பை இடதுபக்கம் சாய்த்து, முகத்தில் ஒரு சிரிப்போடு. கை மார்புக்கு மேலே கொஞ்சம் வந்து நின்றது. சட்டைக்குள் தோள் நடுங்கியது.

"வலிக்குதா?"

"இல்லீங்க சார். ஒண்ணுமில்ல. பழகிடிச்சி."

"எப்படிப் படுக்கறீங்க?"

அப்பா முழுக்கைச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்தார்.

"மல்லாந்து படுக்க முடியாது, இல்ல? அந்தப் பக்கமும் முடியாது. குப்புறப் படுத்து, கையக் கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டாத்தான் கொஞ்சம் தூக்கம் வரும். சரியா?"

"ஆமாங்க சார்" என்றார் அப்பா.

அந்தப் படுக்கையை முப்பத்தேழு தடவை வரைந்தவள் நான். எத்தனை வசதியான மாடல் என்று மனதுக்குள் மெச்சியவள். தோள் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பென்சிலால் அளந்தேன், முடிச்சின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறித்தேன், ஒரு தடவைகூட வலிக்கிறதா என்று கேட்கவில்லை. முதன்முதலாகப் பார்க்கிற ஒரு மனிதர் இரண்டாவது நிமிடம் கேட்டுவிட்டார். மரத்தடியில் நின்று அழுதேன். பெரிய வெள்ளிக்கிழமை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். முருங்கைமரம் ஃபைலில் ஏறியது. ஜூன்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் ஏப்ரலிலேயே அவரை வண்டியிலிருந்து இறக்கி, ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக்கொடுக்கிற ஸ்டோரில் ஜெனரல் ஷிஃப்டுக்குப் போட்டார்கள். அவர் ஷிஃப்ட் ஆட்கள் ஹெல்மெட் வாங்க வரும்போது, முருங்கைக்காய் பறிக்கப் போறேண்ணே, ஒரு ஹெல்மெட் கொடுங்க என்று கேட்பார்களாம். இதையும் வீட்டில் நடித்துக் காட்டினார். முடித்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் வண்டிப் பேச்சு வரவில்லை. என்மேல் கோபப்பட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த உதவியையும் அவர் செய்யவில்லை.

ஹாஸ்டலுக்குத் தண்ணீர் வந்தது, போனேன். மிச்சம் பதின்மூன்று படங்களுக்குக் கல்லூரிப் பெரியவரையே, இந்த முறை முன்வரிசையில் போய் உட்கார்ந்து வரைந்தேன். உட்காருவதற்கு முன்னால், முதுகு வலிக்குதாங்கய்யா என்று கேட்டேன். அவர் பயந்துபோய் மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் அப்பாவின் படங்களை வெகுநேரம் புரட்டினார். "முப்பத்தேழுலயும் ஒரே தப்பு. வலது தோள் எறங்கியிருக்கு. ஒரு தடவ செஞ்சா அது தப்பு. முப்பத்தேழு தடவ செஞ்சா ஸ்டைல்" என்று சொல்லி, நல்ல மார்க்கே போட்டார். நான் விளக்கவில்லை. அப்பாவின் தோளை இன்னொரு முறை சாட்சிக்கு அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த தவக்காலத்தில் சாமியார் என்னைக் கூப்பிட்டு, கோணல் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது என்று பங்குப் பேரவையில் சிலர் சொல்வதாகவும், லேசாக நிமிர்த்திவிட முடியுமா என்றும் கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் நின்ற அப்பா சொன்னார்.

"இருக்கட்டும் ஃபாதர். அவருதாவது அப்பிடியே இருக்கட்டும்."

சொல்லும்போது வலது கையால் தலையைத் தடவினார். வித்தை எதுவும் இல்லை. டாக்டர் சொன்னபடி ஆறு மாதம் கயிறு இழுத்துப் பழகிய கை, காதுவரைக்கும் வந்தது.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு நான் வீட்டில் இருந்தேன். மதியம் கோயிலுக்குக் கிளம்ப நேரம் இருந்ததால் அப்பா கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே முக்காலியைப் போட்டேன். அப்பா வலதுபக்கமாக ஒருக்களித்து, அந்தத் தோள்மேலேயே முழுப் பாரத்தையும் போட்டு, கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தோள்பட்டை தெரியவில்லை. கழுத்தெலும்பு தெரியவில்லை. ஒரு தசைகூட ஒழுங்காகத் தெரியவில்லை. வரைவதற்கு இதைவிட மோசமான படுக்கை கிடையாது. நோட்டை மூடி வைத்துவிட்டு, ஃபேனை ஒரு நம்பர் கூட்டிவிட்டு வந்தேன்.